ஒற்றை ஆள் வண்டி

லா ஃபாபேர், செவென் மலை
7 ஜூன் 1998

அன்புள்ள ரெமி அண்ணாவுக்கு,

ஒதில் எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மே மாதம் நாலு தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போயிருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையுமா துறைமுகத்தில் இன்ஜின் கழற்றுவீர்கள்?

என் கார் செத்துப்போனது. மலையில் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றி வருகிற நர்சுக்குக் கார் போனால் கால் போன மாதிரி. ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர், அதில் பாதி கொண்டை ஊசி வளைவு. பாதி வீடுகளுக்குக் கார் நுழையாது. கீழே நிறுத்திவிட்டுப் பெட்டியோடு ஏற வேண்டும். எனக்கும் நாற்பத்திரண்டு ஆகிறது.

போன வாரம் ஒரு தபால்காரன் மோட்டார் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனான். உயரமாய், ஒல்லியாய், சின்னச் சக்கரம். வளைவில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் திரும்பியது. சூப்பர்மோட்டோவாம். பதினொரு வருஷம் பந்தயக் குழுவில் நீங்கள் எண்ணெயும் கையுமாகக் கிடந்த அதே சாதி வண்டி. அப்படி ஒன்று, லேசானதாக, தினம் ஓட்டுகிற மாதிரி எனக்குக் கிடைக்குமா? நீங்கள் அடித்துப் பிடித்து எடுக்க வைத்த லைசென்ஸ் இன்னும் இருக்கிறது.

ரெண்டு பேர் உட்காரக்கூடியதாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் திபோவும் வருவார். பனி விழும் நாட்களுக்கு அவருடைய வேன் இருக்கிறது.

பதில் போடுங்கள். போனையும் எடுங்கள்.

உங்கள் தங்கை,
ஒதில்


லெ ஆவ்ர்
15 ஜூன் 1998

அன்புத் தங்கை ஒதிலுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். போன்தான் கெட்டுக் கிடக்கிறது. இந்தக் கட்டடத்தில் எதையும் யாரும் சரிசெய்ய வருவதில்லை. கடிதமே போடு. எழுதினால்தான் எனக்கும் யோசித்துச் சொல்ல வருகிறது.

வண்டி வாங்குகிற எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போகிற பயணத்துக்காக வாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் திண்டாடுவார்கள். நீ உன் சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு வண்டி வாங்கு. அன்றைக்கு எங்கே நிறுத்துவாய், எத்தனை தடவை ஏறி இறங்குவாய், பெட்டி எத்தனை கிலோ, அதைச் சொல்.

சூப்பர்மோட்டோ என்றால் மண் பாதை வண்டியின் உடம்பில் தார் ரோட்டுச் சக்கரம். வளைவுகளுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் சீட்டு பலகை மாதிரி இருக்கும், டேங்க் சின்னது, உயரம் ஜாஸ்தி. பந்தயக்காரன் இருபது நிமிஷம் ஓட்டுவான், அவனுக்குப் பின்னால் மூன்று மெக்கானிக் நிற்போம். உனக்கு நீதான் மெக்கானிக். எடை நூற்று முப்பது கிலோவைத் தாண்டவே கூடாது. கீழே போட்டால் நீதான் தூக்க வேண்டும். கட்டாயம் போடுவாய். போடாதவர் யாரும் இல்லை.

அலெஸ் ஊரில் பெனேசே கடை இன்னும் இருந்தால் போய் உட்கார்ந்து பார். பாதம் எங்கே படுகிறது என்று எழுது. குட்டச்சி, பொய் சொல்லாதே.

திபோவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
ரெமி


லா ஃபாபேர்
13 ஜூலை 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? நேற்று உலகக் கோப்பை நம் கைக்கு வந்ததில் ஊரே காப்பிக்கடையில் கிடந்தது. திபோவும் அங்கேதான். எனக்குக் காலையில் ஏழு வீடு என்பதால் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். மூன்று கோலையும் காதால் பார்த்தேன்.

பெனேசே கடைக்குப் போனேன். அப்பன் இல்லை, மகன் இருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம், இதுல ஏறணும்னா ஏணி வேணுமே" என்றார்.

"தினம் இருபது பேருக்கு ஊசி குத்துற கை இது. பாத்துப் பேசுங்க" என்றேன். அதற்கப்புறம் நாற்காலி போட்டார்.

முதலில் காட்டியது ஒரு சிவப்பு அறுநூற்றைம்பது சிசி. பார்க்க ராஜா. கிளப்ப உதைத்தால் திருப்பி உதைக்கிறது, கணுக்கால் இன்னும் வீங்கியிருக்கிறது. ரெண்டாவது இத்தாலிக்காரி, நூற்று இருபத்தைந்து, ரெண்டு ஸ்ட்ரோக். இறகு மாதிரி. ஏறின உடனே காதல் வந்துவிட்டது. பெருவிரல் நுனி தரையைத் தொட்டது, மற்றதெல்லாம் ஆகாயத்தில்.

இத்தாலிக்காரியை எடுத்துவிடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள். இப்போதைக்கு மருந்துக்கடைக்காரர் மகளின் மொபெட்டில் போகிறேன். நோயாளிகள் சிரிக்கிறார்கள்.

தங்கை,
ஒதில்


லெ ஆவ்ர்
22 ஜூலை 1998

அன்புத் தங்கைக்கு,

நலமே. கணுக்காலுக்கு ஐஸ் வை. நர்சுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தாலிக்காரி வேண்டாம். அவளை நான் அறிவேன். இன்ஜின் வேகமெடுத்து மேலே சீறும்போது சொர்க்கம், மெதுவாக ஓடும்போது கீழே பலம் ஒன்றுமே இருக்காது. மலை ஏற்றத்தில் பெட்டியோடு போகிற உனக்குக் கீழேதான் பலம் வேண்டும். பிஸ்டனும் அடிக்கடி மாற்ற வேண்டும். அவளைக் காதலி, கல்யாணம் பண்ணாதே.

சிவப்பு ராஜாவும் வேண்டாம். ஈரத் தழை மேல் அந்தப் பலம் உன்னைப் பள்ளத்தில் இறக்கிவிடும்.

உனக்கு நாலு ஸ்ட்ரோக் இருநூற்றைம்பது போதும். காற்றிலேயே ஆறுகிற இன்ஜின், ரேடியேட்டர் தொல்லை இல்லை. பட்டன் ஸ்டார்ட். மண் பாதை வண்டியாக வாங்கி, பதினேழு அங்குலச் சக்கரமும் பெரிய முன் பிரேக்கும் போட்டவர்கள் உங்கள் பக்கம் நிறைய இருப்பார்கள். கைமாறியதில் தேடு. பின் ஷாக் அப்சார்பரை இறக்கி, சீட்டு நுரையைக் கொஞ்சம் சீவினால் ரெண்டு முன்பாதமும் தரையில் படும். அது போதும். முழுப் பாதம் வேண்டுமென்றால் கழுதை வாங்கு.

பார்க்கும்போது இன்ஜின் எண்ணெயை மோந்து பார். தீய்ந்த வாடை வந்தால் திரும்பி வந்துவிடு. இதை மட்டும் நான் நேரில் வந்தாலும் செய்ய முடியாது. கொஞ்ச நாளாக எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. பெட்ரோலும் தெரியவில்லை, காப்பியும் தெரியவில்லை. கடல் காற்று போல.

திபோ சுகம்தானே?

ரெமி


லா ஃபாபேர்
20 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? மூக்குக்கு ஆவி பிடியுங்கள்.

வாங்கிவிட்டேன்! நீங்கள் சொன்னது அப்படியே கிடைத்தது. காட்டிலாகாவில் இருந்தவர் விற்றது. வெள்ளையும் பச்சையும், நூற்று இருபத்திரண்டு கிலோ. எண்ணெயில் மூக்கை நுழைத்து மோந்தேன். பெனேசே, "ஒயின் வாங்க வந்தீங்களா, வண்டி வாங்க வந்தீங்களா?" என்றார். வாடை இல்லை. நுரையைச் சீவிக் கொடுத்தார். முன்பாதம் ரெண்டும் படுகிறது.

ஒரு குறை சொன்னார். "பின்னால உக்காருறவங்க கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் இல்ல மேடம். மாட்டுற இடத்தையே அறுத்து எடுத்திருக்காங்க. வேணும்னா வெல்டு வச்சுத் தரேன்."

"வேண்டாம். கேரியர் மட்டும் வச்சுக் குடுங்க. பெட்டி உக்காரட்டும்" என்றேன்.

முதல் நாள் ஐந்தாவது வளைவு வரைக்கும் பயந்து பயந்து போனேன். ஆறாவதில் நீங்கள் ஒரு காலத்தில் சொன்னபடி வண்டியை மட்டும் சாய்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணா, அது தானாகத் திரும்பியது. அகலமான ஹேண்டில், கதவைத் திறப்பது மாதிரி. வாய்விட்டுக் கத்தினேன். மலையில் கேட்க யாரும் இல்லை.

ஒரு தடவை போட்டேன். உதிர்ந்து கிடந்த கஷ்கொட்டைக் காய்த் தோல் மேல் வழுக்கி, நின்ற இடத்தில். நானே தூக்கினேன்.

தங்கை,
ஒதில்


லெ ஆவ்ர்
1 அக்டோபர் 1998

ஒதில்,

வண்டி வாங்கியதில் ரொம்ப சந்தோஷம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ஜூன் மாதம் ரெண்டு பேர் உட்கார வேண்டும் என்று எழுதினாய். செப்டம்பரில் ஃபுட்ரெஸ்ட் வேண்டாம் என்கிறாய். வெல்டு வைக்க அரைமணி நேரம்கூட ஆகாது, இலவசமாகவே வைத்திருப்பான். நான் ஒவ்வொரு கடிதத்திலும் திபோவைக் கேட்கிறேன். ஜூலைக்கப்புறம் நீ அந்தப் பெயரையே எழுதவில்லை. முதல் கடிதத்தில் 'நாங்கள் சௌக்கியம்' என்றிருந்தது. இந்தக் கடிதத்தில் அந்த வரியே காணோம்.

இன்ஜினில் ஒரு சத்தம் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன், ஒரு சத்தம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்லாதே. டயரில் காற்று மட்டும் வாரம் ஒருமுறை பார்.

ரெமி


லா ஃபாபேர்
25 அக்டோபர் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன்.

திபோ ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி போய்விட்டான். மோன்பெலியேவில் ஒருத்தி. சண்டை ஒன்றும் இல்லை. நான் ஏழு வீடு முடித்து வந்தபோது வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். "நீ எப்பவும் வெளியிலதான இருக்க, ஒதில். நான் போறது உனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும்னு நெனச்சேன்" என்றான். நாயைக்கூட ஏற்றிவிட்டான். நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே போனது.

உங்களிடம் சொன்னால் நிஜமாகிவிடும் என்று தோன்றியது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். ரொட்டிக்கடையில் நான் பாதி ரொட்டி கேட்டேன், கடைக்காரி ஏன் என்று கேட்காமல் வெட்டிக் கொடுத்தாள்.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது மட்டும் பரவாயில்லை. அதில் இன்னொருவருக்கு இடமே இல்லையே, அதனால் யாரும் இல்லாதது தெரியாது. சாயங்காலம் வீட்டில் சாவி திருகும்போதுதான் கஷ்டம்.

உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. போனைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒதில்


லா ஃபாபேர்
29 நவம்பர் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உங்கள் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும். போன பத்தாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு போன் அடித்தது. எடுத்தேன்.  ஒரு சத்தம். மனிதக் குரலே இல்லை. தகர டப்பாவுக்குள் வண்டு ரீங்கரிப்பது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் என் பெயரைச் சொன்னது.  நான் தனியாக இருப்பது தெரிந்து எவனோ விளையாடுகிறான்.

"யாருடா நீ? உள்ள என் புருஷன் இருக்கான். துப்பாக்கிய எடுத்துட்டு வருவான்!" என்று கத்தி வைத்துவிட்டேன். புருஷனாம்! என் வாயில் அதுதான் வந்தது. உடனே போன் வயரைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு நாள் மாட்டவில்லை.

பதில் போடுங்கள்.

ஒதில்


லெ ஆவ்ர்
6 ஜனவரி 1999

ஒதிலுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நலமாக இருக்கிறேன். வேலை அதிகம்.

பனிக்கட்டி உறைந்த காலையில் வண்டியை எடுக்காதே. வேறு வழியே இல்லையென்றால் முன் பிரேக்கில் இரண்டு விரலுக்கு மேல் வைக்காதே.

கதவை நன்றாகத் தாழ் போட்டுக்கொள்.

ரெமி


லா ஃபாபேர்
14 மார்ச் 1999

அண்ணா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பிப்ரவரியில் எனக்கு ஒரு புது நோயாளி வந்தார். ருஸ்தான், பழைய சுரங்கத் தொழிலாளி. தொண்டையில் புற்று, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. தினம் அதைச் சுத்தம் செய்யப் போகிறேன். சிலேட்டில் எழுதித்தான் பேசுவார். அவர் மனைவி ஒரு நாள் அலுத்துக்கொண்டாள்: "என்னத்த சமைச்சு என்ன? இவருக்கு ஒரு வாசனையும் தெரியல. மூக்கு வழியா மூச்சு போனாத்தான வாசனை வரும்?"

படித்த பாடம்தான். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை.

நேற்று அவருக்குப் பேசுவதற்கான சின்ன எந்திரம் வந்தது. கழுத்தில் அழுத்தி வைத்து முதல் தடவையாகப் பேசினார். "வாங்க, நர்சம்மா."

என் கையிலிருந்து பெட்டி விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

கெட்டுப்போன போன். பெட்ரோல் தெரியாத மூக்கு. திபோ போய்விட்டான் என்று நான் எழுதிப் பதினைந்தாம் நாள் வந்த அழைப்பு. அதற்கப்புறம் உங்கள் மௌனம்.

அண்ணா, அது நீங்களா? உங்களிடமா நான் அப்படிக் கத்தினேன்?

திரும்பி வரும்போது ஓட்ட முடியவில்லை. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுக் கல் மேல் உட்கார்ந்திருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒதில்


லெ ஆவ்ர்
2 ஏப்ரல் 1999

அன்புத் தங்கை ஒதிலுக்கு,

நான்தான்.

எனக்கும் அதே புற்று, போன வருஷம் மார்ச்சில் அறுத்தார்கள். குரலா, உயிரா என்று டாக்டர் கேட்டார். யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார். அந்த வாரத்தில் உனக்கு போன் செய்து வாய்க்கு வந்ததைப் பேசினேனே, ஞாபகம் இருக்கிறதா? குடித்திருக்கிறேன் என்று திட்டினாய். நல்ல பேச்சு அது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடி வருவாய். அதோடு, உன் காதில் என் பழைய குரல் ஒன்று இருக்கிறது. உலகத்தில் அது மிச்சம் இருக்கிற இடம் அது ஒன்றுதான். அதை அழிக்க மனம் வரவில்லை. துறைமுக வேலையும் அப்போதே போயிற்று. போனில் ஒரு கோளாறும் இல்லை. அது அடிக்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எந்திரம் அக்டோபரில் வந்தது. பழகுவதற்குச் சன்னலில் புறாக்களிடம் பேசுவேன். ரொட்டிக்கடைக்குப் போனால் குழந்தைகள் அம்மாவின் பின்னால் ஒளிகிறார்கள். சரி, இனி எழுத்து போதும் என்றுதான் இருந்தேன். அப்போது திபோ போனதை எழுதினாய். 'ஒதில், நான் இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். பன்னிரண்டு நாள் அதை மட்டும் சொல்லிப் பார்த்தேன். முதல் சொல்தான் உனக்குக் கேட்டது.

உன்மேல் தப்பு இல்லை. தனியாக இருக்கிற பெண் அப்படித்தான் கத்த வேண்டும். இல்லாத புருஷனைக் கூப்பிட்டாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உடனே மறுபடி அடித்தேன். லைன் போகவில்லை.

பதினோராம் தேதி ஞாயிறு, நாலு மணிக்கு அடிக்கிறேன். நான் பேசுவது புரியாது. சுருக்கமாக வைத்துக்கொள்வோம்.

அண்ணன்,
ரெமி


லா ஃபாபேர்
12 ஏப்ரல் 1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்றுப் பேசியதை எழுதி வைக்க வேண்டும் போல் இருக்கிறது. பாதி எனக்குப் புரியவில்லை, அது உங்களுக்கும் தெரியும்.

மூன்றரை மணியிலிருந்து போன் பக்கத்தில் நின்றேன். ருஸ்தானிடம் தினம் கேட்டுப் பழகியிருக்கிறேன், புரிந்துவிடும் என்ற தைரியம். ஆனால் என் பெயரை நீங்கள் சொன்னதும் காது அடைத்துக்கொண்டது.  பிறகு நீங்கள் ஏதோ கேட்டீர்கள். 'ச'வில் தொடங்கி 'யா'வில் முடிந்தது.

"சாப்பிட்டேன், அண்ணா. வெங்காய சூப்" என்றேன்.

மறுபடி அதையே கேட்டீர்கள்.

"நல்லாத்தான் சாப்பிடுறேன். மெலியல."

மூன்றாம் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குப் புரியல அண்ணா, மன்னிச்சிருங்க" என்றேன். வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. நான் அங்கே இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருப்பேன். நடுவில் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.

நாலாம் தடவை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னீர்கள். செ. யின்.

"செயினா? வண்டி செயினா? டைட் பண்ணியான்னா கேக்குறீங்க?"

"ஆ. மா."

சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள் என்று நினைக்கிறேன். சத்தம் இல்லை, குழாயில் காற்று போகிற மாதிரி விட்டு விட்டு வந்தது. அதுதான் இப்போது உங்கள் சிரிப்பு என்று தெரிந்துகொண்டேன். ஏழு மாதம் ஓட்டியும் செயினைத் தொடவே இல்லை என்று சொன்னதும் நீங்கள் திட்டியது ஒரு சொல்கூடப் புரியவில்லை. திட்டு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

போனை வைத்த பிறகு வீடு எப்போதும் போல்தான் இருந்தது. ஒரு தட்டு, ஒரு நாற்காலி. பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். செயின் நாலு விரல் தொங்கியது, நானே இறுக்கினேன். முதல் வீட்டுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன், கையெல்லாம் கறுப்பு. ருஸ்தான் கழுத்தைத் துடைக்கும் முன் மூன்று தடவை சோப்பு போட்டேன். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் சமமாக இறுக்கியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு மறுபடி அடியுங்கள். அதைப் பற்றிக் கேளுங்கள். எனக்குப் புரிகிற வரைக்கும் கேளுங்கள்.

உங்கள் தங்கை,
ஒதில்